தோள் கிண்ணம் தேய்ந்தால்: சீவுவதா, சக்கை வைப்பதா, புரட்டிப் போடுவதா?

2023 ஓகஸ்ட் 6, இரவு 8.40 – அக்கரைப்பற்றிலிருந்து கேள்வி

வாப்பாவுக்கு 66 வயது, வயல் செய்கிறவர். இடது தோளில் நாலைந்து வருடமாக நோ. இப்போது கையைத் தூக்கினால் கறகறவென்று சத்தம் வருகிறது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. மூட்டு தேய்ந்ததோடு கிண்ணத்து எலும்பும் பின்பக்கம் கரைந்திருக்கிறதாம். ஒரு டொக்டர் சாதாரண மூட்டு மாற்று என்கிறார், இன்னொருவர் குண்டையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிப் போடும் ரிவர்ஸ் என்கிறார். எங்கட ஊரில் ஒருவர் "எலும்பு கரைந்தால் ரிவர்ஸ்தான், வேறு வழியே இல்லை" என்று அடித்துச் சொல்கிறார். சரியா? செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2023 ஓகஸ்ட் 6, இரவு 10.15

செய்துகொண்டவன் நான். வலது தோள், ரிவர்ஸ்தான், இந்த வருடம் ஜனவரியில். மட்டக்களப்புக் கல்லடி, தச்சு வேலை, வயது 63.

வேறு வழியே இல்லை என்பது தப்பு. வழி நாலைந்து இருக்கிறது. வாப்பாவுக்கு எது என்பதை இரண்டு விஷயம்தான் தீர்மானிக்கும். கிண்ணத்தில் எவ்வளவு எலும்பு மிச்சம், அது எந்தப் பக்கமாகப் போயிருக்கிறது என்பது ஒன்று. மேற்கை எலும்பின் தலையான குண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள் முழுசாக இருக்கின்றனவா என்பது மற்றது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன். கை சரி, கண்ணாடியைத்தான் காணவில்லை.

2023 ஓகஸ்ட் 7, காலை

இடுப்பு மூட்டு சிரட்டைக்குள் தேங்காய். தோள் மூட்டு சோசருக்கு மேல் தேங்காய். கிண்ணம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், அது ஆழமில்லாத ஒரு தட்டு. தேங்காய் உருண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைநாண்கள். டொக்டர்மார் ரொட்டேட்டர் கஃப் என்று சொல்வது அவற்றைத்தான்.

மூட்டு தேயும்போது குண்டு நடுவிலேயே நின்றால் தட்டு நடுவில் குழியும். பலருக்கு அப்படி நடப்பதில்லை. குண்டு மெல்ல மெல்லப் பின்பக்கம் சறுக்கி, சறுக்கிய இடத்தில் நின்று அரைக்கும். சில வருடத்தில் முன்பாதி பழைய தட்டு, பின்பாதி புதுக் குழி என்று ஒரே எலும்பில் இரண்டு பள்ளம் வந்துவிடும். ஜில் வால்ஷ் என்ற பிரெஞ்சு நிபுணர் இந்தத் தேய்வுகளை 1999இல் வகை பிரித்து எழுதினார். நடுவில் குழிந்தால் ஏ, பின்னால் சறுக்கினால் பி, அதில் இரட்டைப் பள்ளம் விழுந்தது பி2. தேய்வினால் அல்லாமல் வளர்ச்சியிலேயே தட்டு பின்னால் சாய்ந்திருந்தால் சி. பிறகு பி3, டி என்று இரண்டைச் சேர்த்தார்கள். என் ரிப்போர்ட்டில் இருந்தது பி2, தட்டின் பின்சாய்வு 23 பாகை, நாண்கள் முழுசு. சாதாரண ஆளுக்குப் பத்துப் பாகைக்குள் இருக்கும்.

இனி வழிகள். மேசையின் ஒரு கால் கட்டையாகிவிட்டது என்று வையுங்கள். மற்றக் கால்களை அறுத்துச் சமப்படுத்தலாம், அல்லது கட்டைக் காலுக்கு அடியில் சக்கை வைக்கலாம். தோளிலும் இந்த இரண்டும் உண்டு.

சீவுவது: முன்பக்கம் மேடாக நிற்கும் எலும்பைக் கடைந்து பின்பக்கத்தோடு மட்டப்படுத்தி, அதன் மேல் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சீமெந்து வைத்து ஒட்டுவார்கள். சரிவு குறைவென்றால் நல்ல வழி. பத்து, பதினைந்து பாகைக்கு மேல் சீவித் திருத்தப் போனால் ஆபத்து. அந்த எலும்பின் ஆழமே இரண்டு விரல் அகலத்துக்கு வராது. அதோடு, மரத்துக்கு வைரம் உள்ளே, எலும்புக்கு வைரம் மேலே. மேல் ஓட்டைச் சீவி எடுத்துவிட்டால் அடியில் இருப்பது பஞ்சு. பஞ்சில் அடித்த ஆணி எத்தனை நாள் நிற்கும்?

சக்கை வைப்பது: பின்பக்கம் தடித்த கிண்ணமாகவே செய்து விற்கிறார்கள். அல்லது வெட்டி எடுத்த நம்முடைய சொந்தக் குண்டிலிருந்து எலும்புத் துண்டு செதுக்கிப் பள்ளத்தில் வைத்துத் திருகாணி போடுவார்கள்.

புரட்டிப் போடுவது: ரிவர்ஸ். கிண்ணம் இருந்த இடத்தில் குண்டு, குண்டு இருந்த இடத்தில் கிண்ணம். டிஜோன் நகரத்தில் போல் கிராமோன் 1985இல் கொண்டுவந்த யோசனை. சுழலும் மையத்தை உள்ளேயும் கீழேயும் தள்ளிவிட்டதால் தோளின் வெளிப்பக்கத்து டெல்டொயிட் தசை மட்டுமே கையைத் தூக்கிவிடும். நாண்களை நம்பி இராத மூட்டு. குண்டு பின்னால் சறுக்கவும் இடமில்லை.

சரிவு 15 பாகைக்கு மேல் என்றால் சாதாரண மாற்று முடியாது.

2023 ஓகஸ்ட் 7, மாலை

மேலே கடைசி வரி தப்பு. அக்காவின் மகன் பிசியோதெரபி படித்தவன், வாசித்துவிட்டு உடனே கோல் எடுத்தான். "மாமா, சீவி மட்டும் திருத்த ஏலாது எண்டு எழுதுங்க. சக்கை வைத்த கிண்ணத்தோட சாதாரண மாற்று செய்யிறாங்கதானே." சரி. அப்படியே வாசிக்கவும்.

அழிக்காமல் விடுகிறேன். நானும் இதே தப்போடுதான் முதல் தடவை டொக்டர் முன்னால் போய் இருந்தேன்.

2023 ஓகஸ்ட் 9

விட்டுப்போன வழிகள், சுருக்கமாக.

கமரா விட்டுக் கழுவித் துப்புரவாக்குவது: வயது குறைந்தவர்களுக்கு, தேய்வு குறைவாக இருந்தால், காலத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட. இரட்டைப் பள்ளத்துக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

குண்டை மட்டும் மாற்றுவது: உலோகக் குண்டு எலும்புக் கிண்ணத்தை இன்னும் அரைக்கும் என்ற பயம் இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஃபிரெடரிக் மாட்சன், கிண்ணத்தை உருண்டையாகக் கடைந்துவிட்டு பிளாஸ்டிக் வைக்காமல் உலோகக் குண்டோடு விடும் முறையை வளர்த்தவர். பிளாஸ்டிக் இல்லை, அதனால் பிளாஸ்டிக் கழரப் போவதுமில்லை. ஆனால் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்கிற ஆளாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், 45 வயதில் என்றால் யோசித்திருப்பேன்.

மூட்டையே பூட்டிவிடுவது: எல்லாம் தோற்றபின். தோட்பட்டை அசையும், தோள் அசையாது.

2023 ஓகஸ்ட் 12

"வெட்டுறதுக்கு முந்தி ரெண்டு வருசம் என்ன செய்தீர்கள் அண்ணன்?" என்று அக்கரைப்பற்றுத் தம்பி கேட்கிறார். நோவெண்ணெய் பூசினேன். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு பரிகாரியாரிடம் மருந்துப் பத்துப் போட்டேன், அவர் நல்ல மனிதர், மூன்றாம் தடவை போனபோது "இது என்ட வேலையில்ல மனே, படம் எடு" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதுதான் முதல் சரியான வைத்தியம்.

படம் எடுத்துக்கொண்டு போன இடம் ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். நேரே முன்னாலிருந்து ஒரு எக்ஸ்-ரே. மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போகும் உறைந்த தோள் என்றார்கள், ஊசி போட்டார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று, பிறகும் ஒன்று. ஊசி போட்ட பத்து நாள் சொர்க்கம், அதற்குப் பிறகு பழையபடி அரைக்கும்.

உறைந்த தோளிலும் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாது, தேய்ந்த தோளிலும் முடியாது. பிரித்துக் காட்டுவது படம். உறைந்த தோளில் எலும்பு சுத்தமாக இருக்கும். பின்பக்கத் தேய்வு முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் ஒளிந்துவிடும். கையைப் பக்கவாட்டில் விரித்துக் கக்கத்தின் வழியாக எடுக்கும் படத்தில்தான் குண்டு பின்னால் போயிருப்பது தெரியும். அந்த ஒரு படத்தை எடுத்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம். எலும்பும் மிச்சம்.

2023 ஓகஸ்ட் 13, அதிகாலை

நித்திரை வரவில்லை. நேற்று எழுதியது நியாயமில்லை.

2021இல் ஒரு இளம் டொக்டர் சி.டி. ஸ்கான் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். ஒரு கோயிலுக்கு வாகன வேலை கையில் இருந்தது. அது முடியட்டும் என்று துண்டை மடித்து சேர்ட் பையில் வைத்தவன் நான். ஒன்பது மாதம். சேர்ட்டோடு சேர்ந்து துண்டும் தோய்ந்துபோனது. கிளினிக்குக்குப் பாதிப் பழி, எனக்குப் பாதி. மனுசியைக் கேட்டால் எனக்கு முக்கால் என்பா.

இன்னொன்றும் யோசித்தேன். இரண்டு வருடம் முந்தி வெட்டியிருந்தால் எலும்பு கூட இருந்திருக்கும், உண்மை. பொருத்திய மூட்டின் வயதும் அன்றிலிருந்துதான் ஓடத் தொடங்கியிருக்கும். நோவைத் தாங்க முடிகிற வரை எந்த டொக்டரும் கத்தியை எடுக்க அவசரப்படமாட்டார். படம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் வெட்டச் சொல்வது நோதான். ஆனால் நோவைத் தாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வீரம் காட்டுகிற நேரத்தில் எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

2023 ஓகஸ்ட் 20

"இப்போது வலை வீச முடியுமா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். தச்சனிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் கேட்டவர் கல்லடிக்காரராகத்தான் இருக்க வேண்டும், என்னைப் பழைய பாலத்தில் கண்டிருப்பார். வாவியில் வீச்சுவலை வீசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பொழுதுபோக்கு. இல்லை, வீச முடியாது. டொக்டர் தடுத்தும் இருக்கிறார். ஈர வலையை இடுப்பிலிருந்து திருப்பி விசிறும்போது கை கடைசியில் பின்னால் போய் முறுகும், புது மூட்டு வெறுக்கிற இழுவை அது.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், இப்போது இரவில் பாலத்தில் நின்று அது பாடுகிறதா என்று காது கொடுப்பதோடு சரி. அதற்குத் தோள் வேண்டியதில்லை.

2023 செப்டெம்பர் 3

தம்பி வாப்பாவுக்கு ஸ்கான் எடுத்துவிட்டார். பி2, பின்சாய்வு 18 பாகை, நாண்கள் முழுசு, மேல் நாணில் மட்டும் கொஞ்சம் பிசிர். "உங்களுக்கும் நாண் முழுசாக இருந்ததே, பிறகேன் ரிவர்ஸ்?" என்று கேட்கிறார். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி.

கொழும்பில் பார்த்த நிபுணர் இரண்டையும் மேசையில் வைத்தார். நாண் முழுசாக இருப்பவருக்குச் சாதாரண மாற்றுத்தான் கையை இயல்பாகத் திருப்பத் தரும், பின்னாலும் போகும். ஆனால் அதன் பலவீனம் பிளாஸ்டிக் கிண்ணம். குண்டு பின்னால் சறுக்கிப் பழகிய தோளில் புதுக் குண்டும் பின்னால் சறுக்கப் பார்க்கும். கிண்ணத்தின் ஒரு விளிம்பை மட்டும் அமுக்கும், மற்ற விளிம்பு கிளம்பும். கதவுச் சட்டத்தில் ஆணி ஆட்டம் கொடுத்துக் கழன்று வருவது மாதிரித்தான். வால்ஷ் குழுவினர் இரட்டைப் பள்ளத் தோள்களில் செய்த 92 சாதாரண மாற்றுகளை 2012இல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஐந்தில் ஒன்று கழன்றிருந்தது, ஆறில் ஒன்று திரும்ப வெட்ட வேண்டி வந்தது. அவை பெரும்பாலும் பழைய மாதிரிக் கிண்ணங்கள், சக்கை வைத்தவை அல்ல என்று சொல்லிவிட வேண்டும்.

எனக்கு 23 பாகை, கனமான வேலை, மறுபடியும் கொழும்புக்கு ஓட மனமில்லை. என் குண்டை வெட்டி, அதிலிருந்து ஆப்புப் போல ஒரு துண்டு செதுக்கிப் பின்பள்ளத்தில் வைத்து, அதற்கு மேல் உலோகத் தட்டைத் திருகாணியால் இறுக்கி, தட்டில் புதுக் குண்டு. ஆப்பு வெளியில் வாங்கியதில்லை, சொந்த மரம்.

18 பாகைக்கு என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு டொக்டரும் சொன்னது தப்பில்லை போலத் தெரிகிறது, எல்லைக்கோட்டில் நிற்கிற தோள் அது. சாதாரண மாற்று என்றவரிடம் "சீவுவீர்களா, சக்கை வைப்பீர்களா, எத்தனை பாகை திருத்துவீர்கள்?" என்று கேளுங்கள். ரிவர்ஸ் என்றவரிடம் "கை பின்னால் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். பதிலைவிட, பதில் சொல்லும் விதம் உதவும்.

2023 செப்டெம்பர் 4

முக்கியமான ஒன்றை மறந்தேன். வெட்கப்பட்டு யாரும் எழுதாத விஷயம்.

வாப்பாவுக்கு இடது தோள். கழுவுகிற கை அது. ரிவர்ஸ் வைத்தபின் கை முன்னால் நன்றாகத் தூக்கும், முதுகுப்பக்கம் போவது பலருக்குக் குறைந்துவிடும். வலது கை என்பதால் எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. இடுப்புப் பட்டியைப் பின்னால் இழுக்க முடியாமல் மனுசியைக் கூப்பிட வேண்டி இருக்கிறதே தவிர, மற்றது இடது கையால் நடக்கிறது. இரண்டு தோளும் கெட்டவர்களிடம் டொக்டர்மார் இதைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள் என்று பிசியோ மருமகன் சொல்கிறான். வாப்பா தானாகச் சொல்லமாட்டார். நீங்கள் கேளுங்கள் தம்பி.

2023 செப்டெம்பர் 6

தொழுகை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் அந்தக் கையை ஊன்றி எழும்பக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். கதிரையிலிருந்து எழும்பும்போதுகூட. ஊன்றும்போது கை பின்னால் போனால் புது மூட்டு நழுவும் அபாயம். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதில் கை முன்னால் இருந்தாலும் பாரம் ஏறும், ஆகவே டொக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். காத்தான்குடியில் எனக்கு மரம் தரும் ஹாஜியார் முழங்கால் மாற்றியதிலிருந்து கதிரையில் இருந்துதான் தொழுகிறார். வாப்பாவிடம் அவரைப் பேசச் சொல்லட்டுமா? டொக்டரை விட ஹாஜியார் சொன்னால் கேட்பார்.

2023 செப்டெம்பர் 17

ஒப்பரேஷன் நாள் எப்படி என்று பலர் கேட்டதால் ஒரேயடியாக.

முழு மயக்கத்தோடு கழுத்தில் ஒரு ஊசியும் போட்டார்கள், கைக்குப் போகும் நரம்புகளை உறங்க வைக்க. கண் முழித்தபோது கை என்னுடையது மாதிரி இல்லை, பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி. மூச்சு பாதிதான் இழுபடுகிறது. குரல் கரகரப்பு, ஒரு கண் இமை சரிந்திருக்கிறது. பாரிசவாதம் வந்துவிட்டதென்று கலவரப்பட்டு மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவ சிரித்தா. அந்த ஊசி மூச்சுத் தசையின் ஒரு பக்கத்தையும் சேர்த்து உறங்க வைக்குமாம், அடுத்த நாளைக்குள் போய்விடுமாம். போய்விட்டது. முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நெஞ்சுவருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலே சொல்லிவிடுங்கள்.

பெரிய நோவை எதிர்பார்த்துப் போனேன். வெட்டின நோ ஒரு வாரத்தில் குறைந்தது. பழைய அரைக்கிற நோ முதல் நாளே இல்லை. இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நானும் நம்பவில்லை.

கையைத் தாங்கும் சிலிங் பட்டி எட்டு வாரம். படுக்க முடியாது, சாய்மனைக் கதிரையில்தான் உறக்கம், முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை. திரும்பி வந்தது இரவு ரயிலில். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை ஒவ்வொரு தண்டவாள மூட்டும் எனக்குத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை. ஸ்டேஷனிலிருந்து கல்லடிக்கு ஓட்டோ, அதை மறக்கமாட்டேன்.

இத்தனையிலும் பெரிய தோல்வி சாரம். ஒரு கையால் சாரம் கட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் கண்ணாடிக்கு முன்னால் பல்லால் ஒரு நுனியைப் பிடித்து முயற்சி செய்தேன், முடிவை எழுதமாட்டேன். இடுப்பில் இலாஸ்டிக் வைத்துச் சாரம் தைத்துத் தந்தது பக்கத்து வீட்டுத் தையல்கார மாமி. அந்த மாமிக்குத்தான் முதல் நன்றி, நிபுணருக்கு இரண்டாவது.

2023 செப்டெம்பர் 18

மனுசி திருத்தம் சொல்கிறா: சிலிங் ஆறு வாரம்தான். மிச்ச இரண்டு வாரம் நான் பயத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது.

2023 ஒக்டோபர் 2

தம்பி, வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று இப்போதா சொல்கிறீர்கள்?

அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் இரத்தப் பரிசோதனை எட்டுக்கு மேல் என்றால் பலர் ஒப்பரேஷனைத் தள்ளிவைப்பார்கள். கிருமிதான் காரணம். தோளுக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, முகப்பருவோடு சம்பந்தப்பட்டது, கியூட்டிபக்டீரியம் ஆக்னெஸ். தோல் துளைகளுக்குள் குடியிருக்கும், மேலால் துடைத்தால் போகாது. காய்ச்சல் கூட இல்லாமல் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து மூட்டைக் கழற்றும். பரிசோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க இரண்டு வாரம் வரை வைத்திருக்க வேண்டும். பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைடை ஒப்பரேஷனுக்கு முந்திய நாட்களில் தோளில் பூசச் சொன்னார்கள். 63 வயதில் பருமருந்து வாங்கப் போனேன். பார்மசிப் பெடியன் என் முகத்தைப் பார்த்தான், பேரனுக்கு என்றேன்.

இன்னொன்று: தோளுக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றக் கூடாது, கிருமி ஏறும் வாய்ப்புக் கூடும். வாப்பாவுக்குக் கடைசி ஊசி எப்போது? திகதியை எழுதி வையுங்கள்.

2023 ஒக்டோபர் 3

காசு பற்றிக் கேட்டவருக்கு: நான் கட்டிய தொகையை எழுதமாட்டேன். சாமான் வெளிநாட்டிலிருந்து வருவது, டொலரோடு ஏறி இறங்குவது. அரசாங்க வைத்தியசாலையில் கேட்பதென்றால் "ஒப்பரேஷனுக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "பொருத்துகிற மூட்டு யார் வாங்குவது, எந்த மாதிரி, சக்கை வைத்தது கிடைக்குமா?" என்று கேளுங்கள்.

2023 ஒக்டோபர் 29

மழை. பட்டறை மூடிக் கிடக்கிறது, வாசித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு முதன்முதல் செயற்கை மூட்டு வைத்தது 1893இல், பாரிசில், ஜூல்-எமில் பேயான். நோயாளி ஒரு பேக்கரிக்காரர், 37 வயது, காசநோய் தோளை அரித்துவிட்டது. செய்து கொடுத்தவர் ஒரு பல் வைத்தியர். பிளாட்டினக் குழாய், பரஃபினில் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் குண்டு. ஏறத்தாழ இரண்டு வருடம் வேலை செய்தது, பிறகு கிருமியால் கழற்ற வேண்டி வந்தது.

இரண்டு வருடம் அந்த மனிதர் மாப்பிசைந்திருப்பாரா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

2023 நவம்பர் 11

வாப்பா பெரும்போகம் வெட்டி முடிந்தபின்தான் என்கிறாராம். முதலில் எனக்குக் கோபம் வந்தது, தம்பிக்கு அப்படியே எழுதியும் அனுப்பினேன். பிறகு சேர்ட் பையில் தோய்ந்த துண்டு ஞாபகம் வந்தது. எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

இது அவசரமாக வெட்டுகிற ஒப்பரேஷன் இல்லை. சீனியை இறக்கவும் மூன்று மாதம் வேண்டும். ஊசித் திகதியும் கடந்துவிடும். ஆனால் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற அந்த 16 லீட்டர் டாங்கியை அவர் தோளில் போடக் கூடாது. பம்பு அடிக்கிற கைபிடி இடது கையில்தானே? தோள் கெட்டது அதனால் என்று சொல்லமாட்டேன், ஆனால் கெட்ட தோளுக்கு அது மருந்துமில்லை. ஆள் பிடியுங்கள். பெப்ரவரிக்குப் பிறகு ஸ்கான் பழசாகிவிட்டது என்று திரும்ப எடுக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் எடுங்கள். சரிவு கூடியிருந்தால் திட்டமே மாறும்.

2024 ஜனவரி 21

வெட்டி ஒரு வருடம்.

கை முன்னால் காதுக்குப் பக்கத்தில் போகிறது. சீவுளி பிடிக்கிறேன், வேம்புப் பலகை ஒன்றை முழுசாகச் சீவினேன், நோ இல்லை. தலைக்கு மேல் சுத்தியல் அடிப்பதில்லை, கூரை வேலைக்குப் பெடியனை அனுப்புகிறேன். பத்துக் கிலோவுக்கு மேல் இந்தக் கையால் தூக்குவதில்லை. யூரியா மூட்டை 50 கிலோ தம்பி, வாப்பாவிடம் முதலே சொல்லிவையுங்கள். முதுகில் சுரண்ட முடியாது, அதற்கு ஒரு மரக்கரண்டி செய்து வைத்திருக்கிறேன். ஒகஸ்டில் ஒரு தரம் தோளின் உச்சியில் புது நோ வந்து பயந்தேன். ரிவர்ஸ் வைத்த சிலருக்குத் தோட்பட்டையின் மேல் முனையில் சின்னக் கீறல் முறிவு வரும், டெல்டொயிட் இழுக்கிற இழுப்பில். படம் எடுத்தார்கள், முறிவில்லை. இங்கே அப்போது எழுதவில்லை. ரிவர்ஸைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த நேரம் அது, கௌரவம் தடுத்தது.

2024 மார்ச் 10

தம்பியின் செய்தி. அறுவடை முடிந்தது. சீனி ஏழுக்குக் கீழே. புது ஸ்கானில் சரிவு 19 பாகை, பெரிய மாற்றமில்லை. மேல் நாண் அப்படியே. இரண்டாம் டொக்டரிடம் அந்தக் கழுவுகிற கைக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தானே முதல் டொக்டரோடு கதைத்து, சாதாரண மாற்று, பின்பக்கம் தடித்த கிண்ணம், கொஞ்சமாகச் சீவுவது என்று முடிவாகியிருக்கிறது. கழன்றால் பிறகு ரிவர்ஸுக்கு மாறலாம், ஆனால் அப்போது எலும்பு இன்னும் குறைந்திருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாராம். வாப்பா கேட்டுக்கொண்டு "சரி" என்றாராம்.

முன் நாணை வெட்டித்தான் உள்ளே போவார்கள், பிறகு தைப்பார்கள். தையல் பிடிக்கிற ஆறு வாரமும் கையை வெளிப்பக்கம் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. கதவைத் தள்ளுவது, வயிற்றோடு எதையும் இறுக்கிப் பிடிப்பது, எதுவும் வேண்டாம். ரிவர்ஸ்காரன் நான் செய்த பயிற்சிகளை அவர் செய்யக் கூடாது, இரண்டும் வேறு.

2024 மார்ச் 24

நாளை மறுநாள் ஒப்பரேஷன். வாப்பா வேறு ஒன்றுமே கேட்கவில்லையாம், அந்தக் கல்லடிக்காரர் இலாஸ்டிக் சாரம் என்றாரே, அது எந்த அகலம் இலாஸ்டிக் என்று மட்டும் கேட்டிருக்கிறார். மாமியிடம் கேட்டேன். ஒன்றரை அங்குலம்.